தமிழுக்கு ஒரு ‘ஹவுஸ் ஆஃப் காட்’ வேண்டாம்

போன மாதம் திண்டிவனத்தில் ஒரு வாசகர் கூட்டம். டியூஷன் சென்டர் ஒன்றின் மொட்டை மாடி, பிளாஸ்டிக் நாற்காலிகள், பன்னிரண்டு பேர். பேச்சு முடிந்து டீ குடிக்கும்போது ஒரு தம்பி பக்கத்தில் வந்து நின்றார். கல்லூரி மூன்றாம் ஆண்டு இருக்கும். “நீங்க டாக்டர்தானே சார்? இங்கிலீஷ்ல டாக்டருங்களே அவங்க படிச்ச கதைய நாவலா எழுதித் தள்ளியிருக்காங்க. தமிழ்ல மட்டும் ஏன் சார் ஒண்ணும் தேறல? நமக்கு ஒரு ‘ஹவுஸ் ஆஃப் காட்’ எப்ப வரும்?” அவர் கைபேசியில் அந்த நாவல் பி.டி.எஃப்பாகத் திறந்திருந்தது. பாதிக்கு மேல் படித்திருந்தார்.

“வரும் வரும்” என்று சொல்லிவிட்டு மேம்பாலத்துக்கு நடந்து விழுப்புரம் பஸ் பிடித்தேன். கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்துவிட்டது. அந்தத் தம்பிக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது: வர வேண்டாம். அப்படி ஒன்று தமிழில் வரவே வேண்டாம். வந்தால் அதை முதலில் திட்டுகிறவன் நானாகத்தான் இருப்பேன்.

சும்மா சொல்லவில்லை. அப்படி ஒன்றை எழுத உட்கார்ந்து 140 பக்கம் வரை போனவன் நான்.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாமுவேல் ஷெம் என்பது புனைபெயர், ஆளின் பெயர் ஸ்டீபன் பெர்க்மன். பாஸ்டனில் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருந்த வருஷத்தை வைத்து எழுதி 1978ல் வெளியிட்டார். ராய் பாஷ் என்ற இன்டெர்ன். அவனுக்குத் தொழில் கற்றுத்தரும் ஃபேட் மேன் என்ற சீனியர். தூக்கமில்லாத இரவுகள், கூடப் படித்தவன் ஒருவனின் தற்கொலை, நிறைய செக்ஸ், நிறையக் கேலி. வயதாகி, நினைவு தவறி, சாகவும் முடியாமல் வாழவும் முடியாமல் கட்டிலில் கிடப்பவர்களுக்கு அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பெயர் உண்டு: கோமர். என் எமர்ஜென்சி வார்டை விட்டுப் போய்த் தொலை என்று அர்த்தம் வரும் ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகள். உலகம் முழுக்க டாக்டர்கள் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டது இந்த நாவலிலிருந்துதான்.

நல்ல நாவலா? ஒரு விதத்தில் நல்ல நாவல்தான். டாக்டர் என்றால் வெள்ளைக் கோட்டுத் தெய்வம் என்றிருந்த பிம்பத்தை அது உடைத்தது. வயசான நோயாளிக்குச் செய்யாமல் விடுகிற வைத்தியம்தான் பல நேரம் அவரைக் காப்பாற்றுகிறது என்று ஃபேட் மேன் சொல்லித்தருவது, இன்றைக்கும் எந்த கார்ப்பரேட் ஆஸ்பத்திரியும் கேட்க விரும்பாத உண்மை. அதெல்லாம் சரி. ஆனால் நாவலை மூடிவிட்டு, அதில் வருகிற நோயாளி ஒருவரின் வீடு எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றும் வராது. அவர்களுக்கு வீடே கிடையாது. ராய் பாஷின் மனசு உடைவதற்கு வசதியாக வந்து படுத்த உடம்புகள் அவை. நர்சுகளின் நிலைமை இன்னும் மோசம்.

இந்த வகை நாவல்களில் முக்கால்வாசிக்கு ஒரே கதைதான். நல்ல பையன் ஒருத்தன் படிக்க வருகிறான். படிப்பு அவனை முரடாக்குகிறது. ஒரு நோயாளி செத்து அவனை மறுபடி மனுஷனாக்குகிறார். செத்தவர் யார்? பாடம். வைவாவுக்குப் படிக்கிற மாதிரி, மனசாட்சிக்கும் ஒரு கேஸ்.

*

உடனே டாக்டர் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். எங்க கஷ்டம் கஷ்டமில்லையா?

கஷ்டம்தான். நியூயார்க்கில் 1984ல் லிபி சியோன் என்ற பதினெட்டு வயதுப் பெண் ஆஸ்பத்திரியில் இறந்து, அதன் விசாரணைக்குப் பிறகுதான் 1989ல் அந்த மாநிலம் பயிற்சி டாக்டர்களுக்கு வாரம் 80 மணிநேரத்துக்கு மேல் வேலை கூடாது என்றது. இந்தியாவில் 1992லேயே வாரம் 48 மணிநேரம், ஒரே மூச்சில் 12 மணிநேரம் என்று மத்திய அரசு எழுதிவைத்தது. அந்தத் தாளை எந்த ஹவுஸ் சர்ஜனாவது கண்ணால் பார்த்திருக்கிறாரா கேட்டுப் பாருங்கள். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட முதுநிலை மாணவி 36 மணிநேர டியூட்டியின் நடுவில், ஓய்வுக்கு ஒரு அறை இல்லாமல் செமினார் ஹாலில் படுத்திருந்தவர். நம்ம பக்கத்துக்கே வருவோம். விழுப்புரத்திலிருந்து ரயில் ஏறினால் சிதம்பரம் எவ்வளவு தூரம்? அங்கே மருத்துவக் கல்லூரி முதலாமாண்டு மாணவன் பொன்.நாவரசு 1996 நவம்பரில் சீனியரால் கொல்லப்பட்டான். அடுத்த வருஷமே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. எங்கள் வீட்டில் பேப்பரை மடித்து ஒளித்துவைத்தார்கள், நான் படித்துவிட்டு டாக்டராக மாட்டேன் என்று சொல்லிவிடுவேனோ என்று. சட்டசபைக்கு ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்த அந்த விஷயம் நம் நாவலுக்குள் வரவே இல்லை.

ஆகவே, மருத்துவப் படிப்பு பற்றித் தமிழில் எழுத ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. எழுத அவ்வளவு இருக்கும்போது அதைப் பாஸ்டன் டெம்ப்ளேட்டில் ஊற்றி எடுக்காதீர்கள் என்கிறேன். காரணம் கலாச்சாரப் பெருமை கிடையாது. அந்த டெம்ப்ளேட்டில் நம்முடைய படிப்பின் மையமான அநியாயம் விழாது. பாஸ்டனில் டாக்டரும் நோயாளியும் பெரும்பாலும் ஒரே மொழி பேசுகிறார்கள். இங்கே எங்கள் படிப்பே ஒரு மொழியைக் கழற்றிவிடும் வேலை.

*

என் கதையைச் சொல்கிறேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். நான் படித்தது வேறு மாவட்டத்தில். விழுப்புரத்துக்கு முண்டியம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரி வந்ததே 2010ல்தான். அதுவரைக்கும் எங்கள் ஊரில் பெரிய வியாதி என்றால் “ஜிப்மருக்கு எழுதிட்டாங்க” என்பதுதான் பேச்சு.

ஹவுஸ் சர்ஜனாக கேஷுவாலிட்டியில் இருந்தேன். விடியற்காலை நாலு, நாலரை. வயசான ஒரு அம்மாவை மகன் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான். “வயித்த வலிக்குதாம் சார். ராத்திரி பூச்சி ஏதோ தொட்டுடுச்சின்னு சொல்லுது.” நான் எழுதினேன்: பூச்சிக்கடி, ஆங்கிலத்தில். கடிவாய் ஒன்றும் தெரியவில்லை. ஒரு அவில் ஊசி, வயிற்று வலிக்கு ஒரு ஊசி, போய் உட்காரச் சொன்னேன்.

அரை மணிநேரம் கழித்துத் தரை கூட்ட வந்த ஆயாம்மா என்னிடம் வந்து, “சார், அந்தம்மாவுக்குக் கண்ணு தொறக்கல. பூச்சின்னா பாம்பு சார்” என்றார்.

கட்டுவிரியன். தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைக் கடிப்பது. வலிக்காது, வீங்காது, பல்லுப்பட்ட தடம்கூடச் சரியாகத் தெரியாது. விடியும்போது வயிற்று வலி, அப்புறம் இமை தொங்கும், அப்புறம் மூச்சு நிற்கும். இதெல்லாம் எனக்கு வரிசையாகத் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரியாமல் போனது ஒரே ஒரு தமிழ்ச் சொல்.

தெரியாமல் போனதா? இல்லை, அதைத்தான் இத்தனை வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த சொல் அது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஆயா வீட்டில் பொழுது போனால் யாரும் பாம்பு என்று சொல்ல மாட்டார்கள். பேர் சொன்னால் வந்துவிடும். பூச்சி என்பார்கள். “வெறகு எடுக்கும்போது பாத்து எடுடா, பூச்சி கீச்சி இருக்கும்” என்று கேட்டு வளர்ந்தவன் நான். ஐந்தரை வருஷப் படிப்பு அந்தச் சொல்லை என் காதிலிருந்து எடுத்துவிட்டது. ஆயாம்மா அந்தப் படிப்பைப் படிக்கவில்லை, அதனால் அவருக்கு அது இருந்தது.

விஷமுறிவு மருந்து போட்டோம். மூச்சு நின்றது. குழாய் இறக்கினோம், வென்டிலேட்டர் காலியில்லை, மகன் பகல் முழுக்க அம்பு பையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். என் திறமையால் அல்ல.

இப்போது நாவலுக்கு வருகிறேன். பல வருஷம் கழித்து எழுத ஆரம்பித்தபோது இதுதான் முதல் அத்தியாயம். பிரமாதமாக வந்திருந்தது என்றே நினைத்தேன். விடிகாலை டீக்கடை, இளம் மருத்துவனின் கைநடுக்கம், குற்றவுணர்ச்சி, எல்லாம் இருந்தது. அந்த அம்மா இருளர். நம் ஊரில் போடுகிற விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துக்கொடுப்பதே வடநெம்மேலியில் 1978ல் தொடங்கின இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அவர்கள் கை எடுத்த விஷம் குப்பியாகச் சுற்றி அவர்கள் உடம்புக்கே திரும்பி வருகிறது என்று ஒரு பத்தி வேறு எழுதியிருந்தேன். படித்த நண்பர்கள் அந்தப் பத்தியைத்தான் பாராட்டினார்கள்.

ஒரே ஒருத்தர் மட்டும் கேட்டார். “அந்தம்மா அப்புறம் எங்க போனாங்க?”

எனக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் ஆனதுகூட இன்னொருத்தர் டியூட்டியில். 140 பக்கத்தில் என் தூக்கத்துக்குப் பதினோரு பக்கம் இருந்தது, அவர் என்ன வேலை செய்தார் என்பதற்கு ஒரு வரி இல்லை. கேஸ் ஷீட்டில் இருந்த அளவுக்குத்தான் நாவலிலும் இருந்தார்: வயது, பால், கட்டில் எண், இமை தொங்குதல். நான் நாவல் எழுதவில்லை. கேஸ் ஷீட்டை நல்ல தமிழில் காப்பி எடுத்திருந்தேன்.

*

கேஸ் ஷீட் எப்படி எழுதப்படுகிறது என்று டாக்டரல்லாத வாசகர்களுக்குத் தெரியாது. ஒருத்தர் வந்து, “மார் அடைக்குது, அப்படியே இருட்டிக்கிட்டு வந்து உசுரு போயி உசுரு வருது, எம்பொண்ணு போனதுலேர்ந்தே இப்டிதான்” என்பார். நாம் எழுதுவது நாலு ஆங்கில வார்த்தை. பொண்ணு போனது அதில் வராது. போனது என்றால் ஓடிப்போனதா செத்துப்போனதா என்று கேட்க நேரமும் இருக்காது. இப்படிச் சுருக்கத் தெரிவதுதான் பயிற்சி. அது தப்பு என்று சொல்ல மாட்டேன், வெளியே இருநூறு பேர் நிற்கும்போது வேறு வழியில்லை. ஆனால் ஐந்தரை வருஷம் ஒருத்தனுக்கு மற்றவர்களின் வாக்கியத்தை வெட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு, பிறகு அவனே பேனாவைத் திருப்பிப் பிடித்து அவர்களைப் பற்றி நாவல் எழுதினால், வெட்டுகிற பழக்கம் எங்கே போகும்?

நாங்கள் கற்ற மொழியையும் கொஞ்சம் பாருங்கள். கல்லீரலில் அமீபா சீழ்க்கட்டி. இந்தப் பக்கம் சாராயம் குடிக்கிறவர்களிடம் நிறையப் பார்க்கலாம். அந்தச் சீழ் எப்படியிருக்கும் என்று வைவாவில் கேட்டால், ஆஞ்சோவி சாஸ் மாதிரி என்று சொல்ல வேண்டும். நானும் சொல்லி மார்க் வாங்கினேன். ஆஞ்சோவி என்றால் நெத்திலி என்பது எனக்குத் தெரிந்ததே வேலைக்கு வந்தபிறகு. மரக்காணத்து நெத்திலி! குழம்பும் கருவாடுமாகத் தின்று வளர்ந்த மீனை, சாஸாக யாரும் பார்த்திராத மீனை, இங்கிலீஷ்காரன் பாட்டிலில் பார்த்த மாதிரி நான் மனப்பாடம் செய்தேன்.

மெத்தனால் குடித்தவருக்குக் கண் பனிவயல் மாதிரி தெரியும் என்று புத்தகம் சொல்லும். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்தில் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் சாராயம் குடித்தவர்களை முண்டியம்பாக்கத்தில்தான் கொண்டுவந்து சேர்த்தார்கள். அடுத்த வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம், அறுபதுக்கும் மேல் சாவு. அங்கிருந்தும் முண்டியம்பாக்கத்துக்கும் ஜிப்மருக்கும் ஆட்கள் வந்தார்கள். அந்த ராத்திரிகளில் டியூட்டியில் இருந்த ஹவுஸ் சர்ஜன்களுக்கு இருபத்துமூணு வயசு இருக்கும். மெத்தனாலுக்கு முறிவாக எத்தனாலே கொடுப்பதுண்டு. சாராயத்தில் வந்த விஷத்தைச் சாராயச் சத்தை வைத்தே தடுப்பது. ஒரு கடற்கரைக் குப்பத்துப் பெண்ணிடம், உங்க வீட்டுக்காரருக்கு இப்போ இதைத்தான் கொடுக்கப்போறோம் என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டியிருந்தவர் நாவல் எழுதினால் நான் படிப்பேன். அவருக்குத் தூக்கம் வரவில்லை என்பதற்காக அல்ல. அந்தப் பெண் அவரை எப்படிப் பார்த்தாள், திரும்ப என்ன கேட்டாள் என்பதற்காக.

*

தமிழில் டாக்டர்கள் எழுதாமல் இல்லை. லக்ஷ்மி என்ற பெயரில் எழுதிய டாக்டர் திரிபுரசுந்தரி, ஸ்டான்லியில் படிக்கும்போதே ஆனந்த விகடனில் கதை எழுதி, அந்தப் பணத்தில் படிப்பை ஓட்டியவர். பின்னால் 1984ல் சாகித்ய அகாதெமியும் வாங்கினார். டாக்டர் படிப்பு என்கிற அனுபவத்துக்குக் கதை காசு கொடுத்தது, ஆனால் அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனவை குடும்பக் கதைகள். சொந்தக் கதையைச் சுயசரிதையில் வைத்தார். அவரைக் குறை சொல்லவில்லை. அன்றைய பத்திரிகைக்கு எது வேண்டுமோ அதை எழுதினார், ஃபீஸ் கட்ட வேண்டும். இன்றைக்கு ஃபீஸ் பிரச்சினை இல்லாத எங்கள் ஆட்கள் சர்க்கரைக்கு என்ன சாப்பிடலாம் என்று புத்தகம் போடுகிறார்கள், அல்லது ஃபேஸ்புக்கில் “இன்று ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு…” என்று ஆரம்பிக்கிறார்கள். பாட்டி கையைப் பிடித்தால் ஆயிரம் லைக். நானும் போட்டிருக்கிறேன்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு நம் ஊர் கிடைத்துவிட்டது. ஆபிரகாம் வர்கீஸ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 2023ல் வந்த ‘தி காவனன்ட் ஆஃப் வாட்டர்’ நாவலில் அந்தப் படிப்பு வருகிறது, அக்கறையோடுதான் வருகிறது. ஆனால் அந்த நோயாளிகள் எந்தத் தமிழில் வலியைச் சொன்னார்கள் என்பது ஆங்கில வாசகருக்குத் தேவையில்லை. எனக்குத் தேவை.

முன்மாதிரி கேட்கிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லலாம். புல்ககோவ் 1916ல் கியிவில் படித்து முடித்து ஸ்மோலென்ஸ்க் பக்கம் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரிக்குத் தனியாளாக அனுப்பப்பட்டார். அதை வைத்து எழுதின கதைகளில் ஒன்றில், குறுக்கே கிடக்கும் குழந்தையைத் திருப்ப வேண்டும். இளம் டாக்டர் சிகரெட் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு அறைக்கு ஓடிப் புத்தகத்தைப் புரட்டுகிறான். புத்தகம் குழப்பிவிடுகிறது. கடைசியில் அவனுக்குக் கைகொடுப்பது கை கழுவும்போது அங்கிருந்த மருத்துவச்சி பேச்சோடு பேச்சாகச் சொன்ன விஷயங்கள். எங்கள் ஆயாம்மா மாதிரி. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் முதல் போஸ்டிங் போன எந்தத் தமிழ் டாக்டரும் அந்தக் கதையைச் சிரிக்காமல் படிக்க முடியாது, அழாமலும்.

இன்னொன்று, தாராசங்கர் பந்த்யோபாத்யாயவின் ‘ஆரோக்ய நிகேதனம்’. த.நா. குமாரசாமி தமிழில் கொடுத்தது. மருத்துவத்தைக் கற்பது பற்றி இந்திய மொழிகளில் நான் படித்த ஆகச் சிறந்த நாவல் அதுதான், எழுதியவர் டாக்டரே இல்லை! மருத்துவக் கல்லூரிக்குப் போக முடியாத ஜீவன் மஷாய், அப்பாவிடம் நாடி பார்க்கக் கற்கிறார். கற்பது முழுக்க நோயாளியின் வீட்டில், கட்டில் ஓரத்தில் நடக்கிறது. சாவு வருகிறது என்று நாடி சொன்னால் அதை அந்த வீட்டு ஆட்களிடம் எப்படிச் சொல்வது என்பதும் படிப்பில் சேர்த்தி. எங்கள் சிலபஸில் அது இல்லை.

தமிழில் மேல்நாட்டு மருத்துவம் கற்பிக்க முடியாதா என்ற கேள்விக்கு மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே பதில் சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே பாடம் நடத்தி, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘இரணவைத்தியம்’ என்று புத்தகம் போட்டு, டாக்டர்களை உருவாக்கினார். ஆங்கிலத்தில் படித்தவன் கிராமத்தில் தங்க மாட்டான் என்பது அவர் கவலை. 2022ல் மத்தியப் பிரதேசத்தில் இந்தி எம்.பி.பி.எஸ். புத்தகம் வந்தபோது இங்கேயும் தமிழ்ப் பாடப்புத்தகப் பேச்சு கிளம்பியது. வரட்டும். ஆனால் கலைச்சொல் போட்டுவிட்டால் பூச்சி என்றால் பாம்பு என்று தெரிந்துவிடாது.

2020லிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு வந்து, செங்கல் சூளைக்காரர் மகளும் தையல்காரர் மகனும் டிசெக்‌ஷன் ஹாலுக்குள் நிற்கிறார்கள். இதே திண்டிவனம் ரோஷணையில் பிரபா கல்விமணி தாய்த்தமிழ்ப் பள்ளி என்று ஒன்றை ஆரம்பித்து, தமிழில் படித்தால் பிள்ளை உருப்படுமா என்று கேட்டவர்களோடு பல வருஷமாக மல்லுக்கு நிற்கிறார். இந்தப் பிள்ளைகளிடம்தான் எனக்குப் பயமும் எதிர்பார்ப்பும். முதல் வருஷம் அனாடமி கிளாஸில் இங்கிலீஷ் புரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ராத்திரி அகராதி வைத்துப் படிக்கும் அந்த அவமானம், அப்புறம் மூன்றாம் வருஷம் வார்டில் நோயாளி பேசுவது அவர்களுக்கு மட்டும் சட்டென்று புரிகிற அந்த நிமிஷம். ராய் பாஷுக்கு இரண்டுமே கிடையாது. இதை விட்டுவிட்டு அவர்களும் ஃபேட் மேனின் விதிகளைத் தமிழில் எழுதிக் கைத்தட்டல் வாங்கினால் எனக்கு ஆத்திரம் வரும், சொல்லிவிட்டேன்.

அந்தத் தம்பிக்கு நேற்று செய்தி அனுப்பினேன். நாவலை முழுக்கப் படித்துவிட்டு ஒரு திங்கட்கிழமை என் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறேன். சந்தை நாள், கூட்டமாக இருக்கும், ஓரமாக ஸ்டூல் போட்டுத் தருகிறேன். என் 140 பக்கம் டிராயரில் கிடக்கிறது. அதற்கு மேலே இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு. கேஸ் ஷீட்டில் எழுத முடியாததை எழுதிவைக்கிறேன். போன வாரம் ஒரு அம்மா, ஐம்பது வயசு இருக்கும், ரத்தம் ஒன்பது கிராம், மற்றதெல்லாம் நார்மல். “ஒடம்பு ஒரு பக்கம் கெடக்குது சார், நான் ஒரு பக்கம் கெடக்கறேன்” என்றார். இரும்புச்சத்து மாத்திரை எழுதினேன். அவர் சொன்னது எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை. பத்து நாள் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன்.